பவளம் கிடந்த குழி

தேவகோட்டையில் இந்த வீட்டை
மேலிருந்து கீழாகத்தான் பிரிக்கிறோம்.
முதலில் ஓடு, பிறகு கைமரம், பிறகு உத்தரம்,
கடைசியில் தூண்.
எல்லாவற்றுக்கும் சாக்பீஸில் ஒரு எண்.
எண் தப்பினால் இன்னோர் ஊரில்
வீடு எழுந்து நிற்காது.

முப்பத்தேழு பங்காளிகள் கையெழுத்திட்ட பத்திரம்
என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.
ஒரு தங்கையின் கையெழுத்து மட்டும் பாக்கி.
அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

போன மாசியில் மெக்சிகோவுக்குப் போனேன்.
ஊர் பார்க்க அல்ல.
விற்ற தூண்கள் இருபத்துநான்கை
ஒரு ஹோட்டல் முற்றத்தில் நிறுத்திக் கொடுக்க.
கடைசித் தூணுக்கு ரசமட்டம் பிடிக்கும்போது
மொழிபெயர்க்க வந்த இட்செல் கேட்டாள்,
யார் வீட்டுத் தூண் இது?
எனக்கு எண்தான் தெரிந்திருந்தது.

மறுநாள் தியோத்திவாகான் கூட்டிப் போனாள்.
சூரியனுக்கு எழுப்பிய கல்மலை.
ஏறவிடாமல் கயிறு கட்டியிருந்தார்கள்.
வெயில் மட்டும் நம் செட்டிநாட்டு வெயில்.
ஒரு சுவரில் கையகலம் பழைய பூச்சு, சிவப்பு.
முட்டைக் கரு சேர்த்திருப்பார்களா என்று
நகத்தால் சுரண்டிப் பார்க்க விரல் அரித்தது.
காவலாளி என் விரலையே பார்த்தார்.

கட்டியவர்கள் போய் எட்டு நூறு வருஷம் கழித்து
அஸ்டெக்குகள் வந்தார்களாம் அந்தப் பாழுக்கு.
தோண்டினார்கள். பச்சைக்கல் முகமூடிகளைப்
பொறுக்கிக்கொண்டு போய்
தங்கள் கோயிலுக்கு அடியில் வைத்தார்கள்.
அட, நம்ம தொழில்காரர்கள்தான் என்றேன்.
இட்செல் இதை மொழிபெயர்க்க ஆளில்லாமல்
தானே சிரித்துக்கொண்டாள்.

அந்தக் கோயிலை உடைத்தவர்கள்
அதே கல்லில் மாதாகோயில் கட்டினார்கள்.
பக்கத்தில் மியூசியம்.
உள்ளே எதைக் கண்டாலும் விலை போடுகிறது புத்தி:
எரிமலைக் கண்ணாடியில் செய்த கத்தி, இவ்வளவு.
களிமண் கழுகு வீரன், ஜோடி இருந்தால் இவ்வளவு.
மூன்று கால் வைத்த அம்மிக்கு
நான் சொன்ன விலையைக் கேட்டு
அவளுக்குக் கொஞ்சம் கோபம்.

மாடியிலிருந்து குனிந்து பார்க்கும்போதுதான்
அவள் கிடந்தாள்.
வட்டக் கல்லில் நிலவுப் பெண்.
தலை தனி, கை தனி, கால் தனி.
வெட்டியது தம்பி. மலையிலிருந்து
உருட்டியும் விட்டானாம்.
கேபிள் புதைக்கத் தோண்டிய
மின்சாரக்காரர்கள் கண்ணில் பட்டிருக்கிறாள்,
ஐந்நூறு வருஷம் தெருவுக்கடியில் கிடந்தபின்.
இவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்கிறானே,
எண் மட்டும்தான் போடவில்லை என்று
முதலில் தோன்றியதைச் சொல்ல
இப்போதும் வாய் கூசுகிறது.

இன்றைக்குக் காலையில்
நிலைவாசலைப் பெயர்த்தோம்.
எட்டுப் பேர். பர்மாத் தேக்கு, அசையவில்லை.
அசைந்தபோது
படிக்கல்லுக்குக் கீழே குழி.
குழிக்குள் செம்புச் சிமிழ்.
அடைக்கன் திறந்தான்.
கறுத்துப்போன நெல், ஒரு முத்து,
குண்டுமணி அளவு தங்கம்,
ஒரு துண்டுப் பவளம்.

அங்கேயும் பார்த்தேன் இதை.
கோயில் தரைக்கடியில் கல்பெட்டி,
பெட்டிக்குள் சங்கு, பவளம்.
கடல் எத்தனை நாள் நடை என்று கேட்டதற்கு
இட்செல் விரல்விட்டு எண்ணி
பாதியில் நிறுத்திவிட்டாள்.

இந்த வறண்ட சீமையில்
கண்மாய் நிறைந்தாலே கடல் என்போம்.
யாரோ ஒருவர் பவளத்தைக் கொண்டுவந்து
வாசலுக்கடியில் வைத்து
மேலே கதவை நிறுத்தி
உள்ளே போயிருக்கிறார்.
அவர் பேர் பத்திரத்தில் இருக்கும்.
ஸ்கூட்டர் வெயிலில் நிற்கிறது.

அண்ணே, இதுக்கு என்ன நம்பர்?
அடைக்கன் சிமிழை நீட்டுகிறான்.
நூற்று நாற்பத்தொன்று என்கிறேன், பழக்கத்தில்.
குழி ஈரம் இன்னும் காயவில்லை போல.
செம்பின்மேல்
சாக்பீஸ் பிடிக்கவே இல்லை.